அறுபது மீற்றரில் நின்றவர்கள்

நிரஞ்சினி அந்த வேலையில் சேர்ந்தது 2021ஆம் ஆண்டு பெப்ரவரி எட்டாம் திகதி, திங்கட்கிழமை. அன்று முதல் 2025 மே மாதம் வரைக்கும் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் எழுபத்தொரு சந்திகளில் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கணவன் ஜசிந்தனைத் தவிர, வேலையிடத்துக்கு வெளியே அவளுக்குப் பழக்கமான தமிழர் ஒருவருக்கும் இது தெரியாது.

வேலை இதுதான். எங்காவது புதிய கடைத்தொகுதி வரப்போகிறது, அல்லது ஒரு சந்தியில் விபத்துக் கூடிவிட்டது என்றால், அந்த இடத்தில் எத்தனை வாகனம் வருகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எண்ண வேண்டும். பெரும்பாலான இடங்களில் கமெரா எண்ணிவிடும். கமெராவுக்குக் கண் எட்டாத இடங்களுக்கு நிரஞ்சினி போவாள். செம்மஞ்சள் மேற்சட்டை, அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்கு வரை இழுத்துக் கட்டிய பருத்தித் துணி, மடியில் ஒரு டப்லெட். வெயிலுக்குத்தான் துணி என்று கேட்டவர்களுக்குச் சொல்லுவாள். பாதி வெயிலுக்கு; மற்றப் பாதி முகம் தெரியாமல் இருக்க.

வவுனியாவில் அவள் ஒன்பது வருடம் பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவள். அங்கே அவளுடைய மேசைக்கு முன்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இங்கே அவள் தெருவோரம் இருக்க, ஆட்கள் காரில் கடந்து போனார்கள். "ஐயோ பாவம், வெயிலுக்குள்ள" என்று யாராவது ஒருவர் சொன்னாலும் தன்னால் தாங்க ஏலாது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே கேட்டவர்களுக்கெல்லாம், "ரோட்டுச் சம்பந்தமான ஒரு ஒஃபிஸ், கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிவைத்தாள். டப்லெட்டும் ஒரு கொம்பியூட்டர்தானே என்று தன் மனதுக்கும் சொல்லிக்கொண்டாள்.

அவளும் ஜசிந்தனும் 2012 ஒக்ரோபரில் படகில் வந்தவர்கள். பன்னிரண்டரை வருடமாகத் தற்காலிக விசா. மெரிலேண்ட்ஸில் இராஜேஸ்வரி அக்காவின் வீட்டுக்குப் பின்னால், வளவுக்குள் இருந்த ஓரறை வீட்டில் குடியிருந்தார்கள். ஜசிந்தனுக்குச் செவன் ஹில்ஸில் ஒரு குளிர்களஞ்சியத்தில் வேலை. அவனிடம் ஒரு பயம் உண்டு. தங்கள் பெயர் எந்தக் கடுதாசியிலும் பிழையாக வந்துவிடக் கூடாது. மின்சாரக் கட்டணத் துண்டில் பெயரின் ஓர் எழுத்து மாறி வந்தாலே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்த் திருத்துவான். குடிவரவு அலுவலகம் என்றைக்காவது ஒருநாள் எல்லாக் கடுதாசியையும் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் என்பது அவன் நம்பிக்கை.

மே மாதம் வந்தது பள்ளத்துச் சந்தி வேலை. அந்தச் சந்திக்கு வேறு பெயர் இருக்கிறது. வடக்கேயிருந்து நீளமான இறக்கத்தில் வருவதால் அந்தப் பக்கத் தமிழர் அப்படிச் சொல்லுவார்கள். அங்கே மஞ்சள் விளக்கு நாலு வினாடி எரியும். வேக எல்லை அறுபது கிலோமீற்றர். அந்த வேகத்தில் வருகிற கார் நாலு வினாடியில் அறுபத்தாறு மீற்றர் ஓடும். பாரம் ஏற்றிய லொறி அந்த இறக்கத்தில் நிற்க எண்பது மீற்றர் வேண்டும். எழுபத்தைந்து மீற்றரில் வரும்போது மஞ்சள் விழுந்தால் அந்த லொறிக்காரன் நிற்கவும் ஏலாது, நாலு வினாடிக்குள் கோட்டைத் தாண்டவும் ஏலாது. அயலில் இருந்த முப்பத்தெட்டுக் குடும்பங்கள் மஞ்சளை அரை வினாடி கூட்டச் சொல்லி மனுக் கொடுத்திருந்தன.

அரை வினாடிதானே, கூட்டிவிட்டால் என்ன என்று நிரஞ்சினியும் முதலில் நினைத்தாள். நிறுவனத்தின் பொறியியலாளர் மிருணாளினி அவளுக்கு விளக்கிச் சொன்னாள். மிருணாளினி கோயம்புத்தூர்க்காரி, வயது முப்பத்தொன்று.

"மஞ்சள நீட்டினா ஜனங்க அதையும் பச்சைன்னு நெனச்சு ஓட்ட ஆரம்பிச்சிருவாங்க அக்கா. அதனால அவங்க உண்மையில எப்படி ஓட்டறாங்கன்னு பார்க்கணும். அறுபது மீட்டர்ல மஞ்சள் விழும்போது நிக்கிறாங்களா, போறாங்களா. பாதிக்குப் பாதி போனாங்கன்னா கூட்டணும். எல்லாரும் நின்னாங்கன்னா இப்ப இருக்கறதே போதும். மனுவ மூடிரலாம்."

"அப்ப எண்ணிறதுதான் முடிவு எண்டு சொல்லுறியள்."

"ஆமா. உங்க எண்ணிக்கைதான் முடிவு."

கமெரா மாட்ட வேண்டிய கம்பத்தை ஒரு மரக்கிளை மறைத்தது. ஆகவே மே 13, 14, 15, செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை ஏழு முதல் பத்து, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து, நிரஞ்சினி போய் உட்கார்ந்தாள். நிறுத்தக் கோட்டிலிருந்து பத்து மீற்றருக்கு ஒன்றாகக் கரையில் வெள்ளைச் சோக்கால் கோடு போட்டாள். கதிரையை அறுபதாவது மீற்றரில் போட்டாள். மஞ்சள் விழும்போது அந்தக் கோட்டை ஒட்டி வருகிற வாகனம் நின்றால் டப்லெட்டில் இடதுபக்கம் ஒரு தட்டு. போனால் வலதுபக்கம் ஒரு தட்டு.

முதல் நாள் காலையில் வலதும் இடதும் மாறி மாறி விழுந்தது. பிறகு இடதுபக்கமே விழத் தொடங்கியது. எல்லாரும் நின்றார்கள். இரண்டாம் நாள் வெள்ளை வான் ஒன்று, தாண்டிப் போயிருக்கக்கூடிய இடத்தில், இருக்கைப் பட்டி இறுக நின்றது. மூன்றாம் நாள் வியாழக்கிழமை, பின்னேரம் 3.42க்கு, ஒரு சின்ன வெள்ளைக் கார் அப்படித்தான் திடீரென்று நின்றது. அதற்குப் பின்னால் மண் ஏற்றிய லொறி. லொறியின் சில்லுகள் கத்தின. ரப்பர் கருகிய மணம் அவளுடைய துணியைத் தாண்டி மூக்குக்குள் வந்தது. லொறி காரின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் வைத்து நின்றது. அவளுடைய கண் அறுபதாவது கோட்டை விட்டு விலகாமல் பழகியது. காரில் யார் என்று பார்க்கவில்லை. இடதுபக்கம் ஒரு தட்டுத் தட்டினாள். நின்றது.

வேலை முடிந்ததும் வழக்கம்போல ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைத்தாள். 'என் பிரசன்னம் ஓட்டுநர்களின் நடத்தையைப் பாதிக்கவில்லை' என்பது அதில் நாலாவது வரி.

மொத்தம் இருநூற்றுப் பதினாலு வாகனம். நின்றவை நூற்று எண்பத்தொன்று. போனவை முப்பத்து மூன்று. வெள்ளிக்கிழமை மிருணாளினி தொலைபேசியில் அழைத்தாள். குரலில் சந்தோசம். "இவ்ளோ ஒழுங்கான டிரைவர்ஸ நான் பார்த்ததே இல்ல அக்கா. கூட்டத் தேவையில்லன்னு எழுதிடறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரிப்போர்ட் போயிரும்."

சனிக்கிழமை பின்னேரம் இராஜேஸ்வரி அக்கா தன் குசினிக்கு நிரஞ்சினியைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள். அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. தினமும் பள்ளத்துச் சந்தியால் போய் வருகிறவள்.

"உயிர் தப்பினது தெய்வச் செயல் பிள்ளை. வியாழக்கிழமை நான் யெல்லோவுக்கு நிண்டன். பின்னால வந்த லொறிக்காரன் என்ர டிக்கிக்குள்ள ஏறப் பாத்தான். இறங்கி வந்து தூசணத்தில பேசிப்போட்டுப் போறான்."

நிரஞ்சினி கோப்பையைக் கீழே வைத்தாள். "எந்த இடத்தில அக்கா?"

"உந்தப் பள்ளத்துச் சந்தியிலதான். வழமையா நான் விட்டுட்டுப் போறனான். இந்தக் கிழமை ஏலாதே. உனக்குத் தெரியாதோ? நீ குறூப்பில இல்லை என்ன. இஞ்ச பார்."

அக்கா தொலைபேசியைத் திறந்து நீட்டினாள். வைபர் குழு. ஆயிரத்து நூறுக்கு மேல் ஆட்கள். அக்கா போட்ட படம்: ஓடுகிற காரின் கண்ணாடிக்குள்ளால் எடுத்தது, சற்றுக் கலங்கல். தெருவோரத்தில் கதிரை, செம்மஞ்சள் சட்டை, தொப்பி, துணி. கீழே அக்காவின் எழுத்து: 'பள்ளத்துச் சந்தியில ஒருத்தி கதிரை போட்டு இருந்து நம்பர் எழுதுறா. யெல்லோவில போனாலும் ஃபைன். விசா ஆக்கள் கவனம். எல்லாருக்கும் அனுப்புங்கோ.' நேரம்: செவ்வாய், மே 13, காலை 8.47.

"முந்நூற்றுச் சொச்சம் பேர் நன்றி போட்டிருக்கினம்" என்றாள் அக்கா. "கோயில் குறூப், பள்ளிக்கூடப் பெற்றாரின்ர குறூப், எல்லாத்துக்கும் போயிட்டுது. எங்களோட வேலை செய்யிற நேபாளப் பெட்டையும் தன்ர ஆக்களுக்கு அனுப்பினவள்."

கதிரையின் இடதுகைப் பிடியில் சுற்றியிருந்த பச்சை நாடா அந்தக் கலங்கலிலும் தெரிந்தது. அதைச் சுற்றியது நிரஞ்சினிதான். அந்தக் கதிரை அப்போது அவளுடைய கட்டிலுக்குக் கீழே பைக்குள் மடிந்து கிடந்தது.

அவள் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை. அடுப்பில் சோறு என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜசிந்தன் பூசைக்குப் போயிருந்த நேரம் அவள் டப்லெட்டைத் திறந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் நேரம் பதிவாகியிருக்கும். செய்தி போய் ஆட்கள் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்று, செவ்வாய் காலை ஒன்பது மணியில் ஒரு கோடு போட்டுக் கணக்கை இரண்டாகப் பிரித்தாள். ஒன்பதுக்கு முன்: இருபத்து நாலு வாகனம். நின்றவை பதினொன்று, போனவை பதின்மூன்று. ஒன்பதுக்குப் பின் வியாழன் மாலை வரை: நூற்றுத் தொண்ணூறு. நின்றவை நூற்று எழுபது. போனவை வெறும் இருபது.

மூன்று தரம் கூட்டிப் பார்த்தாள். மூன்று தரமும் அதே எண்தான் வந்தது. காரில் வந்த எல்லாரும் தமிழர் அல்ல. ஆனால் முன்னால் வருகிறவர் நின்றால் பின்னால் வருகிற நாலு பேரும் நிற்கத்தான் வேண்டும். அவர்கள் விளக்கைப் பார்த்து நிற்கவில்லை. அவளைப் பார்த்து நின்றார்கள். இரண்டு கிழமையில் அவளை மறந்து பழையபடி ஓடுவார்கள். அதற்குள் மனுவை மூடிவிடுவார்கள். நாலு வினாடி நாலு வினாடியாகவே இருக்கும், லொறிகளும் வரும், இராஜேஸ்வரி அக்காவும் வருவாள்.

பூசை முடிந்து வந்த ஜசிந்தன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீர் பொய் எழுதினனீரோ?"

"இல்லை. கண்டதைத்தான் எழுதினனான்."

"அப்ப விடும். கண்டதை எழுதினீர். அவன் நிண்டான், நீர் நிண்டான் எண்டு எழுதினீர். அதில என்ன பிழை?"

"நாலாவது வரியில கையெழுத்து வைச்சிருக்கிறன். என்னால ஒருத்தரும் மாறேல்லை எண்டு."

 ஜசிந்தன் மெதுவாகச் சொன்னான். "போன வருசம் காருக்குள்ள இருந்து கொண்டு எண்ணாமல் எழுதினான் எண்டு ஒருத்தனை அண்டைக்கே அனுப்பினவங்கள் எண்டு சொன்னனீர். உம்மை அனுப்பினால்? 'பொய் டிக்ளரேசன்' எண்டு கடுதாசி தந்து அனுப்பினால்? விசாவுக்கு அந்தக் கடுதாசியும் போகும் நிரஞ்சி."

"போகுமோ?"

"எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம்."

அவளுக்கும் அதே பயம்தான்.  ஆனால் கண்ணை மூடினால் ரப்பர் கருகிய மணம் வந்தது. அந்த ஒரு முழத்தையும் தான் இடதுபக்கம் ஒரு தட்டாக எழுதினாள் என்பது வந்தது.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் றிப்போட் போகும்" என்றாள். "நாளைக்குக் காலமை போய்ச் சொன்னால் நேரம் இருக்கு. ஆனால் வாயால சொன்னால் காணாது. அந்த மெசேஜ் வேணும். நேரத்தோட."

"அது அக்கான்ர ஃபோனிலயெல்லோ இருக்கு."

"ஓம்."

ஜசிந்தன் சப்பாத்தின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அவவுக்கும் சொல்ல வேணும்" என்றான்.

ஐந்து மணியளவில் நிரஞ்சினி வளவைக் கடந்து போனாள். பதினெட்டு அடி தூரம். அக்கா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேற்றுக் காட்டின மெசேஜை எனக்கு அனுப்புவீங்களோ? படத்தோட."

"உனக்கேன் பிள்ளை? உன்னட்டக் காருமில்லை, லைசென்சுமில்லை."

"அந்தப் படத்தில இருக்கிறது நான்தான்."

அக்கா கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். தொலைபேசியை எடுத்து இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தாள். நிரஞ்சினியைப் பார்த்தாள். திரும்பப் படத்தைப் பார்த்தாள்.

"நான் வெள்ளைக்காரி எண்டெல்லோ நினைச்சனான்."

"துணி கட்டியிருந்தனான்."

"எவ்வளவு காலமா?"

"நாலு வருசமும் மூண்டு மாசமும்."

"என்ர வளவுக்குள்ள இருந்து கொண்டு" என்றாள் அக்கா. "நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறன், எங்கட நிரஞ்சினி ஒஃபிசில பெரிய வேலை, ஏசி அறை எண்டு. நீ ரோட்டில குந்திக்கொண்டிருந்து என்னையே எண்ணியிருக்கிறாய். என்னத்துக்கடி மறைச்சனி? நான் கிழடுகளுக்குக் குண்டி கழுவிற வேலை செய்யிறன். நேர்ஸ் எண்டு ஆருக்கும் சொன்னனானோ?"

நிரஞ்சினி கொஞ்சம் யோசித்தாள். "'நேர்சிங் சைட்' எண்டு சொன்னனீங்கள் அக்கா."

அக்காவின் வாய் ஒருபக்கம் கோணியது. சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அது நிற்க அதிக நேரம் ஆகவில்லை. நிரஞ்சினி கணக்கைச் சொல்லச் சொல்ல, அக்காவின் முகம் மாறிக்கொண்டு போனது.

"அப்ப என்ர மெசேஜாலதான் நான் அண்டைக்குச் சாகப் பாத்தனானோ?"

"நான் முதலே உங்களுக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் மெசேஜ் போட்டிருக்க மாட்டியள்."

 பிறகு அக்கா படத்தை அனுப்பினாள். "பிழையாப் போட்டிட்டன் எண்டு குறூப்பில எழுதட்டே?"

"வேண்டாம் அக்கா. ஒண்டும் எழுதாதேங்கோ. அந்தச் சந்தியைப் பற்றி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதேங்கோ. மறக்கட்டும்."

திங்கட்கிழமை, மே 19, காலை 8.05க்கு அவள் பரமட்டாவில் இருந்த அலுவலகத்து வாசலில் நின்றாள். மிருணாளினி 8.30க்குத்தான் வந்தாள், கையில் கோப்பியோடு.

"அக்கா? இன்னிக்கு உங்களுக்கு வேலை இல்லையே."

நிரஞ்சினி கடுதாசியை மேசையில் வைத்தாள். தன் கணக்குத் தாளை அச்செடுத்திருந்தாள். நூற்று எண்பத்தொன்று, முப்பத்து மூன்று என்ற இரண்டு எண்களின் மீதும் சிவப்புப் பேனையால் ஒரே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எண்கள் நன்றாகவே தெரிந்தன. பக்கத்தில் காரணம், திகதி, சுருக்கக் கையெழுத்து. பின்னால் வைபர் செய்தியின் படம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஒன்பது மணிக்கு முன்னும் பின்னுமான கணக்கு.

மிருணாளினி நின்றபடியே வாசித்தாள். கோப்பி ஆறியது.

"இப்படிக் கோடு போட்டு வச்சிருக்கீங்களே. அழிச்சிட்டு வேற தாள் குடுத்திருக்கலாம்ல?"

"அழிக்கக் கூடாது. செத்தவரின்ர பேரைப் பிழையா எழுதினாலும் நாங்கள் ஒரு கோடுதான் கீறுவம். பிழை விட்டதும் பிறகு வாறவைக்குத் தெரிய வேணும்."

மிருணாளினி கதிரையில் உட்கார்ந்தாள். "இந்த டேட்டாவப் பார்த்தப்ப எனக்கு அவ்ளோ சந்தோசம். அப்பவே யோசிச்சிருக்கணும், இவ்ளோ நல்லவங்க எங்கயாவது இருப்பாங்களான்னு." அவள் சிரிக்க முயன்றாள். "டிக்ளரேஷன் ஒண்ணு போட்டிருக்கீங்க. நாலாவது பாயின்ட்."

"ஓம். அது பிழை. கையெழுத்து வைக்கேக்க எனக்குத் தெரியாது. இப்ப தெரியும்."

"நான் இத மேல சொல்லித்தான் ஆகணும் அக்கா. திரும்ப எண்ணறது கம்பெனி செலவு. என்ன சொல்வாங்கன்னு எனக்கே தெரியல."

"சொல்லுங்கோ. அதுக்குத்தான் வந்தனான்."

பரமட்டாவிலிருந்து வீட்டுக்கு ரயிலில் வந்தாள்.  செவ்வாய் மத்தியானம் போக வேண்டிய அறிக்கை போகாது என்று மட்டும் அன்று பின்னேரம் மிருணாளினியிடமிருந்து ஒரு வரி வந்தது.

அதன் பிறகு பதினொரு நாள் ஒன்றும் வரவில்லை. வேலை அட்டவணையில் அவளுடைய பெயருக்கு எதிரே வெறுமையாக இருந்தது. ஜசிந்தன் வேலையால் வந்ததும் ஒன்றும் கேட்காமல் அவளுடைய முகத்தைப் பார்ப்பான். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். இருவரும் கடுதாசிப் பெட்டிக்குப் போவதைத் தவிர்த்தார்கள். ஒருநாள் பெட்டியில் நீளமான வெள்ளை உறை ஒன்று கிடந்தது. ஜசிந்தன் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். பல் வைத்தியரின் விளம்பரம் அது.

இராஜேஸ்வரி அக்கா ஒவ்வொரு நாளும் வளவுக்குள் அவளை மறித்து, குரலைத் தாழ்த்தி, "ஏதும் வந்ததோ?" என்று கேட்டாள். அந்தக் காலத்தில் அக்கா அவளுக்குக் கொடுத்தனுப்பிய சோறு கறியின் எண்ணிக்கை மட்டும் ஒன்பது. வாக்குத் தவறாமல் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் ஒருநாள், "நான் இப்ப அந்தச் சந்திக்குக் கிட்ட வரேக்க நெஞ்சு படபடக்குது பிள்ளை. நிக்கிறதோ போறதோ எண்டு தெரியேல்லை. நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டாள்.

நிரஞ்சினிக்கு அதற்கு மறுமொழி தெரியும். பின்னால் லொறி ஒட்டி வந்தால், அறுபதுக்குள் வந்துவிட்டால், போக வேண்டும். அதைச் சொன்னால் அக்கா நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க மாட்டாள். திரும்ப எண்ண நேர்ந்தால் அந்தக் கணக்கும் கெட்டுவிடும். சொல்லாமல் விட்டால், நாளைக்கு ஒரு லொறி ஒரு முழத்தில் நிற்காமல் போகலாம். 

"கண்ணாடியில பின்னால பாருங்கோ அக்கா" என்று மட்டும் சொன்னாள். "எந்தச் சந்தியிலயும்."

மே 30, வெள்ளிக்கிழமை, மின்னஞ்சலில் கடிதம் வந்தது. எச்சரிக்கை. உறுதிமொழிப் பத்திரத்தை உரிய கவனமின்றி ஒப்பமிட்டது குறித்து. தவறைத் தானாகவே முன்வந்து அறிவித்ததையும் கவனத்தில் எடுத்ததாக மூன்றாம் பந்தியில் இருந்தது. வேலை தொடரும். அவள் அதை நாலு தரம் வாசித்தாள். நாலாவது தரம் வாசிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. செய்தி பரவிய நாள் மே 14 என்று போட்டிருந்தார்கள். அது 13. உடனே பதில் எழுதினாள்.

ஜசிந்தன் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். "எச்சரிக்கைக் கடுதாசியைத் திருத்தித் தரச்சொல்லிக் கேட்ட முதல் ஆள் நீராத்தான் இருப்பீர்."

"உங்களுக்குத்தான் பயம், கடுதாசியில பிழை வரக்கூடாது எண்டு."

 திருத்திய கடிதம் வந்ததும் அதை விசாக் கடுதாசிகள் இருந்த நீலக் கோப்பின் கடைசியில் அவனே துளைபோட்டுக் கோத்தான். கோத்த பிறகும் கோப்பை மூடாமல் சற்று நேரம் வைத்திருந்தான்.

மறு கணக்கு ஜூன் 17, 18, 19. இந்தத் தடவை கதிரையுமில்லை, செம்மஞ்சள் சட்டையுமில்லை. சந்திக்குச் சற்று மேலே ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில் வெறும் அறை ஒன்று இருந்தது. அதன் யன்னலிலிருந்து பார்த்தால் அறுபதாவது மீற்றர் நேர் கீழே. அனுப்பப்பட்டது நிரஞ்சினிதான். நாலாவது வரியின் பெறுமதி அவளை விட வேறு யாருக்குத் தெரியும் என்று மிருணாளினி மேலிடத்தில் வாதாடியிருந்தாள். நாள்களை ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்பது கட்டளை. அவள் ஜசிந்தனுக்குக்கூடச் சொல்லவில்லை.

வலதும் இடதும் மாறி மாறி விழுந்தது. முதல் நாள் காலையில் எப்படி இருந்ததோ, அப்படி.

புதன்கிழமை பின்னேரம் 3.39. மஞ்சள் விழுந்தது. அறுபதாவது கோட்டில் சின்ன வெள்ளைக் கார். இந்தத் தடவை அவள் பார்த்துவிட்டாள். பின்கண்ணாடியில் தொங்கிய பிள்ளையார், ஓட்டுகிற இருக்கையில் முன்னுக்குக் குனிந்த தலை. பின்னால் பதினைந்து மீற்றர் விட்டு ஒரு கொங்கிறீற் லொறி. நிரஞ்சினியின் விரல் டப்லெட்டுக்கு மேலே நின்றது. கார் ஒரு கணம் தயங்கியது. முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தது. பிறகு வேகமெடுத்தது. மஞ்சளிலேயே கோட்டைத் தாண்டியது. லொறியால் நிற்க ஏலவில்லை. அதுவும் வந்தது. லொறியின் முன்சில்லு கோட்டைத் தொட்டபோது விளக்குச் சிவந்து அரை வினாடி ஆகியிருக்கும். குறுக்குத் தெருவில் பச்சை இன்னும் விழவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

வலதுபக்கம் ஒரு தட்டு. குறிப்புப் பகுதியில்: பின்வந்த லொறி, எழுபத்தைந்து மீற்றர், சிவப்பில் தாண்டியது. 

மூன்று நாளில் இருநூற்று ஒன்பது வாகனம். நின்றவை தொண்ணூற்றேழு. போனவை நூற்றுப் பன்னிரண்டு. நாலாவது வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

அந்தப் புதன்கிழமை மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது இராஜேஸ்வரி அக்கா கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, இண்டைக்கும் வெயிலுக்குள்ளயோ?"

"இல்லை அக்கா. உள்ளுக்குள்ளதான்."

"அது நல்லது." அக்கா ஒரு படுக்கை விரிப்பின் ஒரு நுனியை அவளிடம் நீட்டினாள். இருவருமாக மடித்தார்கள். "உந்தச் சந்தியில இப்ப ஒருத்தரும் இல்லை, கண்டியோ. இருந்தாலும் நான் நிண்டு நிண்டுதான் போறன். ஒருநாளும் யெல்லோவில விட்டுப் போறேல்லை. நீ சொன்ன மாதிரிக் கண்ணாடியும் பாக்கிறன்."

"ஓம் அக்கா" என்றாள் நிரஞ்சினி. விரிப்பின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்தாள். "கண்ணாடியைப் பாக்கிறது நல்லது."

ஓகஸ்ட் நாலாம் திகதி, திங்கட்கிழமை, அந்தச் சந்தியில் மஞ்சள் நாலரை வினாடியாகியது. அன்று பின்னேரம் அவள் பஸ்ஸில் அங்கே போய் இறங்கி, எதிர்க்கரையில், சாதாரண உடுப்பில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருந்தாள். இருபத்தாறு மஞ்சள் பார்த்தாள். மூன்று லொறி வந்தது. மூன்றும் மஞ்சளிலேயே தாண்டின. 3.44க்கு வெள்ளைக் கார் வந்தது. பச்சையில் போனது. அக்கா கரையில் இருந்தவளைக் கண்டு ஹோர்ன் அடித்துக் கை காட்டினாள். நிரஞ்சினி கையை உயர்த்தவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.